இணையத்தில் ஆய்வுக் கட்டுரை தேடுவது எப்படி? வந்த பாதையும் போகும் பாதையும் தெரிந்து தொடங்குவோம்

முதுகலையிலோ முனைவர் பட்டத்தின் முதல் ஆண்டிலோ சேர்ந்தவர்களிடம் ஒரு தலைப்பைக் கொடுத்து, "இதில் இதுவரை என்ன ஆய்வு நடந்திருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். எங்கே பார்ப்பது, பார்த்ததில் எதை நம்புவது, பணம் கட்டச் சொல்லி நிற்கும் பக்கத்தை என்ன செய்வது என்பதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தருவதில்லை. கூகுளில் தலைப்பைத் தட்டி, முதல் பக்கத்தில் வந்ததை அள்ளிக்கொண்டு போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அவர்களுக்காகத்தான் இது. ஒரு மருத்துவச் செய்தியோ அறிவியல் செய்தியோ உண்மைதானா என்று மூல ஆய்வையே போய்ப் பார்க்க நினைக்கும் பொது வாசகருக்கும் உதவும். செய்முறையோடு கொஞ்சம் வரலாற்றையும் சேர்த்தே சொல்கிறேன். இன்று நாம் பயன்படுத்தும் கருவி ஒவ்வொன்றும் ஏதோ ஒரு துறையினரின் குறிப்பிட்ட தேவைக்காகப் பிறந்தது. எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால், எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதும் தெரிந்துவிடும்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது

1665 இல் லண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். ஆய்வாளர் எழுதுவார், இதழ் அச்சிடும், நூலகம் வாங்கி வைக்கும், மற்றவர் போய்ப் படிப்பார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இதுதான் நடைமுறை. கட்டுரை அச்சாகி வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பொறுக்க முடியாத இயற்பியலாளர்கள் கட்டுரையின் கைப்பிரதியை நகலெடுத்துத் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். தபால் பட்டியலில் பெயர் இருந்தவருக்குக் கிடைத்தது, இல்லாதவருக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பாகுபாட்டை உடைத்தது ஒரு சின்னக் கணினி நிரல். 1991 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த பால் கின்ஸ்பார்க், கோட்பாட்டு இயற்பியலாளர்கள் தங்கள் கட்டுரைகளை மின்னஞ்சல் வழியே போட்டு வைக்கவும் எடுத்துக்கொள்ளவும் ஒரு களஞ்சியம் அமைத்தார். அதுதான் இன்றைய ஆர்க்கைவ். 2001 இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. இப்போது அதில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. யாரும் காசில்லாமல் படிக்கலாம்.

வலையே கூட ஆய்வாளர்களின் தேவையில் பிறந்ததுதான். ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னில் ஆயிரக்கணக்கானோர் வந்து போகிறார்கள், யார் எந்த ஆவணத்தை எங்கே வைத்தார்கள் என்பது தொலைந்துபோகிறது என்ற சிக்கலுக்குத் தீர்வாகத்தான் டிம் பெர்னர்ஸ் லீ 1989 மார்ச்சில் தன் திட்டத்தை எழுதினார். ஐரோப்பாவுக்கு வெளியே முதல் வலைச் சேவையகம் 1991 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகத்தில் இயங்கத் தொடங்கியது. அது எதற்காக? இயற்பியல் கட்டுரைகளின் பட்டியலைத் தேடுவதற்காக. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இந்தத் தொழில்நுட்பத்தை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது.

இன்னொரு சரடு மேற்கோள் பற்றியது. எந்தக் கட்டுரையை எந்தக் கட்டுரை மேற்கோள் காட்டுகிறது என்று தொகுத்தால் அறிவின் போக்கையே பின்தொடரலாம் என்று யூஜின் கார்ஃபீல்ட் 1955 இல் எழுதினார். 1964 இல் அதை அச்சுத் தொகுதிகளாகவே வெளியிட்டும் காட்டினார். ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரினும் 1998 இல் தங்கள் தேடுபொறியை விவரித்தபோது, மேற்கோள்களை எண்ணும் இந்த வழக்கத்தைத்தான் வலைப்பக்கங்களின் இணைப்புகளுக்குப் பொருத்தினார்கள். அப்புறம் 2004 நவம்பரில் கூகுள் ஸ்காலர் வந்தது. ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து வலைக்குப் போன அந்த யோசனை சுற்றி வந்து மறுபடியும் ஆய்வுக் கட்டுரைகளுக்கே உதவத் தொடங்கியது.

மருத்துவத்தில் அரசே கதவைத் திறந்தது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் தரவுத்தளம் 1997 ஜூனில் பப்மெட் என்ற பெயரில் பொதுமக்களுக்கு இலவசமானது. ஆனால் அங்கே இலவசமானவை கட்டுரையின் தலைப்பும் சுருக்கமும்தான். முழுக் கட்டுரையின் மேல் பதிப்பகத்தின் பூட்டு அப்படியே இருந்தது. பொதுப் பணத்தில் நடந்த ஆய்வை, பொதுமக்கள் மறுபடி பணம் கொடுத்துப் படிக்க வேண்டியிருப்பது சரியல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன். நிறையப் பேர் அப்படி நினைத்ததால்தான் 2002 பிப்ரவரியில் புடாபெஸ்ட் அறிக்கை வந்தது. ஆய்வுக் கட்டுரைகள் யாருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்னும் திறந்த அணுகல் இயக்கம் அதிலிருந்துதான் உருவம் பெற்றது. சரி, இனி செய்முறைக்கு வருவோம்.

படி 1: தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

"தூக்கமும் கல்வியும்" என்பது தலைப்பு. அதை அப்படியே தேடுபெட்டியில் போட்டால் லட்சக்கணக்கில் முடிவுகள் வந்து விழும். "தேர்வுக்கு முந்தைய இரவு தூக்கம் குறைவது கல்லூரி மாணவர்களின் நினைவாற்றலைப் பாதிக்கிறதா?" என்பது கேள்வி. இதில் நான்கு பகுதிகள் இருக்கின்றன: தூக்கக் குறைவு, கல்லூரி மாணவர், நினைவாற்றல், தேர்வுக் காலம். ஒவ்வொன்றையும் ஒரு தாளில் தனித்தனி நெடுவரிசையாக எழுதி, அதற்குக் கீழே அந்தத் துறையினர் பயன்படுத்தும் மாற்றுச் சொற்களை எழுதுங்கள். பெரும்பாலான கட்டுரைகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன என்பதால் ஆங்கிலச் சொற்களையும் எழுதி வைக்க வேண்டும்.

இந்த மாற்றுச் சொற்கள் எங்கே கிடைக்கும்? நல்ல விமர்சனக் கட்டுரை ஒன்றைப் பிடியுங்கள். ஒரு துறையில் வந்த பல ஆய்வுகளைத் திரட்டி அலசும் கட்டுரையைத்தான் அப்படிச் சொல்கிறேன். அதன் முதல் இரண்டு பக்கங்களிலேயே துறையின் சொற்கள் எல்லாம் வந்துவிடும். விக்கிப்பீடியாவையும் இந்தக் கட்டத்தில் தாராளமாகப் பாருங்கள். அதை மேற்கோள் காட்டக் கூடாது என்பார்கள், சரிதான். ஆனால் பக்கத்தின் அடியில் இருக்கும் ஆதாரப் பட்டியல் தொடங்குவதற்கு நல்ல இடம்.

சொற்கள் கிடைத்தபின் தேடும் முறை எளிது. சேர்ந்தே வர வேண்டிய சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். மாற்றுச் சொற்களுக்கு இடையே, 'அல்லது' என்று பொருள் தரும் ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்துகளில் போடுங்கள். கூகுள் ஸ்காலரில், வேண்டாத சொல்லுக்கு முன் இடைவெளி விடாமல் கழித்தல் குறி. இந்த மூன்றும் கைவந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 2: எங்கே தேடுவது

முதலில் கூகுள் ஸ்காலர். எல்லாத் துறையையும் வாரிக்கொண்டு வரும் என்பது அதன் பலம். பலவீனமும் அதுவேதான். ஒரு பக்கம் ஆய்வுக் கட்டுரை போல இருந்தால் போதும், உள்ளே எடுத்துக்கொள்ளும். தரம் பார்த்துப் பொறுக்குவதில்லை. மேற்கோள் எண்ணிக்கைக்கு மதிப்புக் கொடுப்பதால் பழைய, புகழ்பெற்ற கட்டுரைகள் மேலே நிற்கும். நேற்று வந்த முக்கியமான கட்டுரை பத்தாவது பக்கத்தில் கிடக்கலாம். அதனால் ஒரே தேடலை இரண்டு முறை செய்யுங்கள், ஒருமுறை கால வரம்பு இல்லாமல், இன்னொரு முறை கடைசி மூன்று நான்கு ஆண்டுகளுக்கு மட்டும். எத்தனை லட்சம் முடிவுகள் என்று காட்டினாலும் அது உங்களைப் பார்க்க விடுவது முதல் ஆயிரம் மட்டுமே.

உடல்நலம், மருத்துவம், உயிரியல் என்றால் பப்மெட் இல்லாமல் வேலை நடக்காது. அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு அதிகாரபூர்வத் தலைப்புச் சொல் வைத்து வகைப்படுத்தும் முறை இருக்கிறது. மெஷ் என்று பெயர். கட்டுரை எழுதியவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும், மெஷ் தலைப்பைக் கொண்டு தேடினால் பிடிபடும். பப்மெட்டில் உள்ள எல்லாக் கட்டுரைகளுக்கும் மெஷ் தலைப்பு இருக்காது என்பதால் சாதாரணச் சொல்லையும் சேர்த்தே தேட வேண்டும்.

இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் என்றால் ஆர்க்கைவ். உயிரியலுக்கு 2013 இல் வந்த பயோ ஆர்க்கைவ், மருத்துவத்துக்கு 2019 இல் வந்த மெட் ஆர்க்கைவ். இவை மூன்றும், அதே துறை வல்லுநர்கள் படித்துத் தரம் பார்க்கும் மதிப்பாய்வுக்கு இன்னும் உட்படாத முன்வரைவுகளை வைத்திருக்கும் இடங்கள். திறந்த அணுகல் இதழ்களை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் 2003 இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டோஜ் பட்டியல் உண்டு.

வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளங்கள் இரண்டும் சந்தா கட்டினால்தான் கிடைக்கும். உங்கள் கல்லூரியோ பல்கலைக்கழகமோ கட்டியிருக்கலாம், நூலகரைக் கேளுங்கள். நூலகரிடம் பேசுவதற்கு ஒதுக்கும் அரை மணி நேரம் போல லாபமானது வேறு எதுவும் இல்லை. சந்தா இல்லாவிட்டால் 2022 ஜனவரியில் வந்த ஓப்பன்அலெக்ஸைப் பயன்படுத்துங்கள், தேடுவதற்கு இலவசம். மைக்ரோசாஃப்ட் அகாடமிக் என்ற பெரிய தேடல் சேவையை 2021 கடைசியில் நிறுத்தியபோது, அந்தத் தரவை மீட்டு வளர்த்தெடுத்ததுதான் இது. ஒரு நிறுவனம் நினைத்தால் நாளைக்கே ஒரு சேவையை மூடிவிடும் என்பதற்கு இதுவே சாட்சி. எந்த ஒரு கருவியிலும் உங்கள் முழு ஆய்வையும் கட்டிப்போடாதீர்கள்.

படி 3: மேற்கோளைப் பிடித்துக்கொண்டு நடங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டது என்றால் தேடுபெட்டியை மறந்துவிடுங்கள். அந்தக் கட்டுரையின் ஆதாரப் பட்டியலைப் பார்த்து அது யாருடைய தோளில் நிற்கிறது என்று பின்னோக்கிப் போங்கள். பிறகு கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரையின் கீழே, அதை மேற்கோள் காட்டியவை எத்தனை என்று எண்ணோடு ஓர் இணைப்பு இருக்கும். அதைச் சொடுக்கி முன்னோக்கிப் போங்கள். பின்னோக்கிப் போனால் அந்தக் கருத்தின் வேர் கிடைக்கும், முன்னோக்கிப் போனால் அதை யார் மறுத்தார்கள், யார் திருத்தினார்கள், இன்று அது எங்கே நிற்கிறது என்பது கிடைக்கும். மேற்கோள் ஆயிரக்கணக்கில் இருந்தால், அவற்றுக்குள்ளேயே தேடும் வசதி அந்தப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் சொல்லைப் போட்டுச் சுருக்கிக்கொள்ளலாம்.

பின்னோக்கிப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ உலகில் வேதனையான ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1980 இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வாசகர் கடிதப் பகுதியில் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் தங்கி ஓபியாய்டு வகை வலிமருந்து பெற்ற சுமார் 12,000 நோயாளிகளில், ஏற்கெனவே அடிமைப் பழக்கம் இல்லாதவர்களில் நான்கு பேர் மட்டுமே மருந்துக்கு அடிமையானதற்கான சான்று இருந்தது என்றது அந்தக் கடிதம். ஆய்வு முறை பற்றிய விரிவான விளக்கமோ, எத்தனை நாள் கவனித்தார்கள் என்பதோ அதில் கிடையாது. மருத்துவமனைக்கு வெளியே நெடுநாள் மருந்து எடுப்பவர்களைப் பற்றி அது பேசவே இல்லை. ஆனால் "இந்த மருந்துகளால் அடிமையாவது அரிது" என்பதற்கு ஆதாரமாக அதைத் தொடர்ந்து காட்டினார்கள். 2017 இல் அதே இதழில் வந்த ஓர் அலசல், அந்தக் கடிதத்துக்கு 608 மேற்கோள்கள் இருப்பதைக் கண்டது. அவற்றில் 72 விழுக்காடு அதை அடிமையாவது அரிது என்பதற்குச் சான்றாகவே காட்டியிருந்தன. நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதையே 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை சொல்லவில்லை. வட அமெரிக்காவின் ஓபியாய்டு நெருக்கடிக்கு இந்த மேற்கோள் பழக்கமும் துணை போனது என்று அந்த அலசல் சொன்னது. கடிதத்தைத் திறந்து படிக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாமல் ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றவர் எழுதிக்கொண்டே போனார்கள்.

ஆகவே, நீங்கள் திறந்து பார்க்காத எதையும் உங்கள் ஆதாரப் பட்டியலில் சேர்க்காதீர்கள். "இன்னார் இன்னொருவரை மேற்கோள் காட்டுகிறார்" என்று கண்டால் அந்த இன்னொருவரிடம் போங்கள். மேற்கோள் எண்ணிக்கை ஒரு கட்டுரை எவ்வளவு பேசப்பட்டது என்பதைத்தான் காட்டும். சரியா தவறா என்று அது சொல்லாது.

படி 4: முழுக் கட்டுரையை எடுப்பது

தலைப்பும் சுருக்கமும் தெரிகிறது, முழுக் கட்டுரைக்குப் பணம் கேட்கிறது. உடனே சோர்ந்து போகாதீர்கள், சட்டப்படியே நிறைய வழிகள் இருக்கின்றன.

கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரைக்குக் கீழே, எல்லாப் பதிப்புகளையும் காட்டும் இணைப்பு ஒன்று உண்டு. ஆசிரியர் தன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் போட்டு வைத்த பிரதி பெரும்பாலும் அங்கே இருக்கும். அன்பேவால் என்ற இலவச உலாவி நீட்சியைப் போட்டுக்கொண்டால், நீங்கள் பார்க்கும் கட்டுரைக்குச் சட்டப்பூர்வமான இலவசப் பிரதி எங்காவது இருக்கிறதா என்று அதுவே தேடிச் சொல்லும். மருத்துவக் கட்டுரை என்றால் பப்மெட் சென்ட்ரலில் பாருங்கள், 2000 முதல் முழுக் கட்டுரைகளை அங்கே சேமிக்கிறார்கள்.

அப்போதும் கிடைக்காவிட்டால் ஆசிரியருக்கே எழுதுங்கள். புதியவர்கள் இதற்குத்தான் ரொம்பத் தயங்குகிறார்கள். கட்டுரையில் தொடர்புக்குரிய ஆசிரியர் என்று ஒருவருடைய மின்னஞ்சல் இருக்கும். யார் நீங்கள், எதற்காக வேண்டும் என்று மூன்று நான்கு வரிகள் போதும். தன் கட்டுரையை ஒருவர் படிக்க விரும்புகிறார் என்பது எந்த ஆய்வாளருக்கும் மகிழ்ச்சியான செய்தி. கட்டுரைக்கு இதழிலிருந்து அவர்களுக்குப் பணம் எதுவும் வருவதில்லை என்பதால், பிரதி கொடுப்பதில் அவர்களுக்கு நட்டமும் இல்லை. நூலகங்களுக்கு இடையே பரிமாறிக்கொள்ளும் சேவையும் உண்டு, நூலகரிடம் கேளுங்கள்.

பூட்டிய கட்டுரைகளைப் பதிப்பகத்தின் அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும், 2011 இல் தொடங்கிய சை-ஹப் தளம் பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பதிப்புரிமையை மீறுவதாகப் பதிப்பகங்கள் பல நாட்டு நீதிமன்றங்களில் வழக்குத் தொடுத்திருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகக் கடவுச்சொல் சம்பந்தப்பட்டால் சிக்கல் உங்களுக்கும் வரும். மேலே சொன்ன வழிகளை முழுதாக முயன்றாலே தேவையானவற்றில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

படி 5: படிக்கும் வரிசை

முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. சுருக்கம், பிறகு படங்களும் அட்டவணைகளும், பிறகு ஆய்வு முறை, கடைசியில் ஆசிரியர்களே ஒப்புக்கொள்ளும் குறைபாடுகள். அந்தக் குறைபாடுகள் பகுதியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அடுத்து என்ன ஆய்வு செய்யலாம் என்ற யோசனை அங்கேதான் கிடைக்கும்.

படி 6: நம்பலாமா என்று பார்ப்பது

இதற்கு நேரம் கொடுங்கள். நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

இது மதிப்பாய்வு ஆனதா? முன்வரைவு என்றால் பக்கத்தின் மேலேயே அப்படிப் போட்டிருப்பார்கள். முன்வரைவை ஒதுக்க வேண்டாம், ஆனால் முன்வரைவு என்று சொல்லியே பயன்படுத்துங்கள். பின்னால் அது இதழில் வந்திருந்தால், முடிவுகள் மாறியிருக்கலாம் என்பதால் இதழில் வந்த பதிப்பையே எடுங்கள்.

திரும்பப் பெறப்பட்டதா? தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட கட்டுரை 1998 இல் லான்செட்டில் வந்தது. 2010 இல்தான் திரும்பப் பெறப்பட்டது. நடுவில் போன 12 ஆண்டுகளில் அது செய்த சேதம் இன்னும் தீரவில்லை. 2020 இல் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து பற்றிய ஒரு பெரிய கட்டுரையை, தரவை யாரும் சரிபார்க்க முடியவில்லை என்பதால், அதே லான்செட் இரண்டே வாரத்தில் விலக்கியது. 2023 இல் மட்டும் உலகம் முழுவதும் 10,000 க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. நீங்கள் தரவிறக்கி வைத்த பிடிஎஃப் கோப்புக்கு இது எதுவும் தெரியாது. 2010 இல் தொடங்கிய ரிட்ராக்ஷன் வாட்ச் இவற்றைத் தொகுக்கிறது. அந்தத் தரவுத்தளத்தை 2023 இல் கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. கட்டுரையை மேற்கோள் காட்டுமுன் இதழின் பக்கத்தை ஒருமுறை புதிதாகத் திறந்து பார்ப்பது நல்ல பழக்கம்.

இதழ் உண்மையானதா? பணத்தை வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் போலி ஆய்விதழ்கள் ஏராளம். 2013 இல் ஜான் பொஹன்னன் என்ற அறிவியல் செய்தியாளர், வேண்டுமென்றே பிழைகள் நிறைந்த ஒரு பொய்க் கட்டுரையைத் தயாரித்து 304 திறந்த அணுகல் இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. இதை வைத்துத் திறந்த அணுகலே மோசம் என்று முடிவுகட்டுவது தவறு; கவனமாக மதிப்பாய்வு செய்து நிராகரித்த திறந்த இதழ்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆனால் இதழின் பெயர் கம்பீரமாக இருப்பது எதையும் நிரூபிக்காது. ஆசிரியர் குழுவில் உள்ளவர்களின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர்களும் அந்த இதழைக் குறிப்பிடுகிறார்களா என்று பாருங்கள். டோஜ் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் பெயரைப் புகழ்ந்து, ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று வரும் மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள். ஆய்வு தொடங்கிய சில மாதங்களிலேயே அவை வரத் தொடங்கும்.

மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்? சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் ஸ்டான்ஃபோர்டில் நடத்தி 2017 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வரலாற்றுப் பேராசிரியர்கள், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள், தொழில்முறை உண்மை சரிபார்ப்பவர்கள் என்று மூன்று குழுவினருக்கும் ஒரே இணையதளங்களைக் கொடுத்தார்கள். முதல் இரண்டு குழுவில் பலரும் அந்தத் தளத்துக்குள்ளேயே மேலும் கீழும் படித்து ஏமாந்தார்கள். உண்மை சரிபார்ப்பவர்கள் தளத்தை விட்டு உடனே வெளியே வந்து, புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான். ஆய்வுக் கட்டுரைக்கும் இதையே செய்யுங்கள். 2012 முதல் இயங்கும் பப்பியர் தளத்தில் கட்டுரையின் தலைப்பைப் போட்டால், அதில் உள்ள படத்திலோ கணக்கிலோ யாராவது குறை கண்டிருந்தால் தெரிந்துவிடும்.

படி 7: கண்டதைக் குறித்து வைப்பது

ஸொட்டேரோவை முதல் நாளே நிறுவிக்கொள்ளுங்கள். 2006 இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவான இலவச மென்பொருள் அது. உலாவியில் ஒரு சொடுக்கில் கட்டுரையின் விவரங்களைச் சேமிக்கும், எழுதும்போது ஆதாரப் பட்டியலைத் தானே அமைத்துத் தரும். நீங்கள் சேமித்த கட்டுரை பின்னால் திரும்பப் பெறப்பட்டால் எச்சரிக்கவும் செய்யும். இருநூறு கட்டுரை சேர்ந்த பிறகு நிறுவலாம் என்று தள்ளிப்போட்டால் அந்த இருநூறையும் மறுபடி தேடி ஏற்ற வேண்டியிருக்கும்.

இணைய முகவரியைவிட டிஓஐ எண்ணைக் குறித்து வையுங்கள். 10 என்ற எண்ணோடு தொடங்கி ஒரு புள்ளியோடு தொடரும் அடையாளம் அது. பதிப்பகம் தளத்தை மாற்றினாலும் அந்த எண் கட்டுரையிடம் கொண்டுபோய் விடும். டிஓஐ இல்லாத வலைப்பக்கத்தை ஆதாரமாக எடுத்தால், அதை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் சேமித்து அந்த முகவரியையும் எழுதி வையுங்கள். 2013 இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தே ஆண்டுகளில் கிடைக்காமல் போனதாகப் பியூ ஆய்வு மையம் 2024 இல் கண்டறிந்தது.

எந்த நாளில், எந்தத் தளத்தில், என்ன சொற்களைக் கொண்டு தேடினீர்கள் என்பதையும் ஒரு கோப்பில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து வழிகாட்டி கேட்கும்போது இதுதான் கைகொடுக்கும்.

படி 8: செயற்கை நுண்ணறிவோடு வேலை செய்வது

இனி வரும் காலத்தின் பெரிய மாற்றம் இதுதான். தேடுபெட்டியில் சொற்களைப் போட்டுப் பட்டியலைப் பெற்ற காலம் போய், கேள்வி கேட்டுப் பதிலையே பெறும் காலம் வந்திருக்கிறது. 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் கலாக்டிகா என்ற மொழி மாதிரியை, அறிவியல் கட்டுரைகளில் பயிற்றுவித்தது என்று சொல்லி வெளியிட்டது. இல்லாத ஆய்வுகளை உண்மை போல எழுதியதால் மூன்றே நாளில் பொதுப் பயன்பாட்டிலிருந்து விலக்கிக்கொண்டது. அதற்குப் பின் வந்த கருவிகள் தேறியிருக்கின்றன, ஆனால் அந்தக் குணம் முழுக்கப் போகவில்லை. உண்மையான ஆய்வாளரின் பெயர், உண்மையான இதழின் பெயர், நம்பும்படியான தலைப்பு, ஆனால் அப்படி ஒரு கட்டுரையே கிடையாது என்ற நிலை இன்றும் வருகிறது.

மொழி மாதிரி அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதுகிறது. மேற்கோளின் வடிவம் அதற்கு நன்றாகவே தெரியும். அந்த வடிவத்துக்குள் இருக்கும் கட்டுரை உண்மையில் இருக்கிறதா என்பது தனி விஷயம். உண்மையான கட்டுரைகளைத் தேடி எடுத்து அவற்றிலிருந்து பதில் சொல்லும் கருவிகளில் இந்தச் சிக்கல் குறைவு. ஆனாலும் கட்டுரை சொல்லாததைச் சொன்னதாக அவை சுருக்கிவிடலாம். 1980 கடிதத்துக்கு மனிதர்கள் செய்ததை இயந்திரம் இன்னும் வேகமாகச் செய்ய முடியும். அதுதான் என் உண்மையான கவலை.

அதற்காகத் தொடாமல் இருக்க வேண்டியதில்லை. முதல் படியில் சொன்ன மாற்றுச் சொற்களைப் பட்டியலிடச் சொல்லுங்கள், நன்றாகச் செய்யும். புரியாத புள்ளியியல் முறையை எளிமையாக விளக்கச் சொல்லுங்கள். பிற மொழிக் கட்டுரையின் சாரத்தைக் கேளுங்கள். அது தரும் ஒவ்வொரு மேற்கோளையும் டிஓஐ வழியே திறந்து, அந்த வாக்கியம் அங்கே இருக்கிறதா என்று நீங்களே பார்த்த பிறகு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நிறைய இதழ்கள் எந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று கட்டுரையிலேயே சொல்லச் சொல்கின்றன. விதியைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

மற்ற மாற்றங்களில் எனக்கு நம்பிக்கை தருபவை பல. அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வின் கட்டுரைகள் வெளியான உடனேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று ஐரோப்பிய நிதி அமைப்புகள் 2018 இல் பிளான் எஸ் வழியாகச் சொன்னன. அமெரிக்க அரசும் 2022 ஆகஸ்டில் அதே திசையில் தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது. கட்டுரையோடு தரவையும் நிரலையும் வெளியிடும் பழக்கம் பரவுகிறது. செர்ன் 2013 முதல் நடத்தும் ஸெனோடோவில் யாரும் தங்கள் தரவைப் போட்டு டிஓஐ பெறலாம். இலைஃப் இதழ் 2023 முதல், ஏற்பு, நிராகரிப்பு என்று முத்திரை குத்துவதை விட்டுவிட்டு, முன்வரைவோடு மதிப்பாய்வாளர்களின் கருத்தையும் சேர்த்து வெளியிடுகிறது. அந்தக் கருத்துகளைத் தவறாமல் படியுங்கள். ஒரு கட்டுரையை எப்படிக் கேள்வி கேட்பது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

எங்கே நிறுத்துவது

தேடல் முடிவில்லாதது போலத் தோன்றும். புதிய சொற்களைப் போட்டாலும், பின்னோக்கியும் முன்னோக்கியும் நடந்தாலும், ஏற்கெனவே ஸொட்டேரோவில் இருக்கும் கட்டுரைகளே திரும்பத் திரும்ப வருகின்றன என்றால் இப்போதைக்குப் போதும். அன்றைய தேதியை உங்கள் தேடல் கோப்பில் எழுதுங்கள். கூகுள் ஸ்காலரிலும் பப்மெட்டிலும் அதே தேடலுக்கு மின்னஞ்சல் அறிவிப்பு வைத்துவிடுங்கள். புதிய கட்டுரை வரும்போது அவை தெரிவிக்கும். அப்புறம் எழுதத் தொடங்கலாம். எழுதி முடித்துச் சமர்ப்பிக்கும் முன், ஆதாரப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் திரும்பப் பெறப்படாமல் இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.